ஆறின கஞ்சி கேட்ட விருந்தாளிகள்

கண்ணை மூடினாத்தான் கதை. ஒரு கண்ணைத் திறந்து வச்சுக்கிட்டு சுத்துற ஃபேனைப் பாத்துக்கிட்டிருந்தா பெரியம்மா எந்திரிச்சுப் போயிருவேன், சொல்லிட்டேன். ஆங், அப்படி. தலைகாணியை நேரா வையி. இப்ப "ம்" கொட்டணும். நீ "ம்" கொட்டலேன்னா என் கதை நகராது, பெட்ரோல் தீந்த வண்டி மாதிரி நடுவழியில நின்னுரும்.

"ம்."

ஒரு ஊர்ல ஒரு சீனித்தாய் இருந்தா. ராணியும் இல்ல, மந்திரக்காரியும் இல்ல. புஞ்சைக்காட்டுல கம்பு வெதைக்கிற பொம்பளை. ஊருக்குள்ள நுழைஞ்சா முதல் வீடு அவ வீடு. பாதையோரம் இருக்கிறதால போறவங்க வர்றவங்க யாரும் அவ கண்ணுல படாம தப்பிக்க முடியாது. வளையல்காரர் வருவாரு, ஆடு மேய்க்கிறவங்க வருவாங்க, வழி தெரியாம வந்தவன் வருவான், வழி தெரிஞ்சும் அவ வீட்டுச் சோத்துக்காகச் சுத்தி வந்தவனும் வருவான். எல்லாரையும் கையைப் பிடிச்சு உள்ள இழுத்துருவா.

"வயிறு நெறைஞ்சிருக்கு தாயி" ன்னு அவங்க சொல்லுவாங்க.

"நெறைஞ்சா என்ன, ஓரத்துல கொஞ்சம் எடம் இருக்கும்" னு இவ சொல்லுவா. அப்புறம் என்ன, சுடச்சுட கம்பஞ்சோறு, சுடச்சுட கருவாட்டுக் கொழம்பு, தொப்புனு தட்டுல விழுந்துரும்.

ஆனா ஒண்ணு. என்ன வேணும், எவ்வளவு வேணும்னு ஒரு வார்த்தை கேக்கமாட்டா. கேட்டுக்கிட்டு நின்னா சோறு ஆறிப்போயிரும்ல! ஒருநாளு தபால்காரரு வயித்துவலின்னு சுருண்டுக்கிட்டு வந்து தண்ணி கேட்டாரு. இவ தண்ணிக்குப் பதிலா ரெண்டு உருண்டை கம்பஞ்சோத்தை வச்சு, தின்னு முடிக்கிற வரைக்கும் எதுத்தாப்புல உக்காந்துக்கிட்டா. பாவம் மனுசன், அன்னிக்கு சைக்கிளைத் தள்ளிக்கிட்டேதான் வீடு போய்ச் சேந்தாரு.

சிரிக்காத. சிரிச்சா தூக்கம் போயிரும். "ம்" கொட்டு.

"ம்."

அப்பேர்ப்பட்ட சீனித்தாய்க்கு ஒரு கஷ்டம் வந்துச்சு. அவ காடு இருக்கே, அது மேட்டுக்காடு. பூராவும் சரளைக்கல்லு. அங்க கம்பு வெதைச்சா முழங்காலுக்கு மேல எந்திரிக்காது. சோகை பிடிச்ச மாதிரி மஞ்சளா நிக்கும், கதிரு சுண்டுவிரலு தண்டி வரும். போன வருஷமும் அப்படி, அதுக்கு முந்தின வருஷமும் அப்படி. தானியம் கொட்டி வைக்கிற மண் குலுக்கைக்குள்ள கையை விட்டா விரலு அடியில போயி டொக்குனு இடிக்குது.

அவ புருஷன் பேரு வெள்ளைச்சாமி. நல்ல மனுசன்தான், ஆனா எதையும் பயந்து பயந்து பண்ணுவாரு. அவரு ஒருநாளு சொன்னாரு: "ஏ சீனி, இந்த மழைக்கும் கம்பு எந்திரிக்கலேன்னா வீட்டைப் பூட்டிருவோம். எங்க அண்ணன் இருக்கிற செங்கச்சூளைக்குப் போயிருவோம்."

"அங்க வீடு எப்படி இருக்கும்?"

"வீடா? தகரக் கொட்டாய்தான். வரிசையா இருக்கும். குனிஞ்சுதான் உள்ள போகணும்."

"சரி, யாராச்சும் வந்தா எங்க உக்கார வைக்கிறது?"

"அங்க யாரு வரப்போறா?" ன்னுட்டாரு.

அந்த ஒரு வார்த்தைதான் சீனித்தாயைக் குத்திப்போட்டுச்சு. கல்லு சுமக்கிறதைப் பத்திக்கூட அவ கவலைப்படல. யாருமே வராத வீட்டுல சோறாக்கி என்ன பண்றது? அடுப்பு முன்னாடி உக்காந்து கொஞ்ச நேரம் அழுதா. அழுதுக்கிட்டே கொழம்பையும் கிண்டினா, விடல.

அப்போ ஒருநாளு, டுர்ர்ர்ர்... டுர்ர்ர்ர்னு ஒரு ஜீப்பு வந்து பாதையில நின்னுச்சு. வேளாண்மை ஆபீசுல இருந்து ஒரு அம்மா எறங்கினாங்க. கையில மூணு பொட்டலம். சீனித்தாய் வழக்கம்போல அவங்களை இழுத்து உக்கார வச்சு, வாய் நெறையச் சோத்தைக் குடுத்துட்டா. அந்தம்மா மென்னுக்கிட்டே ஒரு பொட்டலத்தைப் பிரிச்சுக் காட்டினாங்க. உள்ள கருகருன்னு பொடி.

"ஏம்மா, இது அடுப்புக்கரி மாதிரி இருக்கே?" ன்னு சீனித்தாய் கேட்டா.

"கரி இல்லம்மா. இதுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிரு கோடிக்கணக்குல இருக்கு. எல்லாம் நல்ல உசுருங்க. இதை விதையில பூசி வெதைச்சா, வேரோட ஒட்டி அங்கேயே குடியிருக்கும். காத்துல இருக்கிற சத்தைப் பிடிச்சு வேருக்கு ஊட்டிவிடும். அரிசிக் கஞ்சியில கொழைச்சுப் பூசணும். உங்க வீட்டுக்கு விருந்தாளி வந்த மாதிரி நெனைச்சுக் கவனிச்சுக்கோங்க. அப்புறம் முக்கியமா..."

விருந்தாளி! அந்தச் சொல்லு காதுல விழுந்ததுதான் தாமசம், சீனித்தாய் அங்க இல்ல. மூணு பொட்டலத்தையும் வாங்கி இடுப்புல சொருகிக்கிட்டு அடுப்படிக்கு ஓடிட்டா. அந்தம்மா வாயில இருந்த சோத்தை முழுங்கிட்டு "ஏம்மா, இன்னும் சொல்லி முடிக்கலையே!" ன்னு கூப்பிடுறாங்க. இவ உள்ள இருந்தே "நீங்க சாப்பிடுங்கம்மா, விருந்தாளியை நான் பாத்துக்கிறேன்!" ங்கிறா. அந்தம்மா காத்திருந்து பாத்தாங்க. அடுத்த ஊருக்குப் போகணும், டிரைவரு பாம் பாம்னு ஆரன் அடிக்கிறாரு. டுர்ர்ர்ர்... போயிட்டாங்க.

"பெரியம்மா, பாக்கெட்டுல எழுதியிருக்குமில்ல?"

பாத்தியா, உனக்குத் தெரியுது. எழுதித்தான் இருந்துச்சு. ஆனா சீனித்தாய் பொட்டலத்தைப் பிரிச்சதும் உள்ள இருக்கிறதைச் சட்டியில கொட்டிட்டு, உறையைத் தீ மூட்ட அடுப்புக்குள்ள வச்சிட்டா. ஒண்ணை மட்டும் இல்ல, மூணையும்! அவ்வளவு அவசரம். பொடியை மூணு சட்டியில போட்டு மூடி வச்சுட்டா.

"அவங்களுக்கு வாய் இருக்குமா பெரியம்மா?"

வாயெல்லாம் தனியா கெடையாது. உடம்பு பூராவும் வாயி, உன்னைய மாதிரி. "ம்" கொட்டு.

"ம்."

அப்போ முதல் மழை வந்துச்சு. சடசட சடசடன்னு நல்ல மழை. அவங்க காட்டுல மூணு துண்டு. மேல்துண்டு, நடுத்துண்டு, கீழ்த்துண்டு. கீழ்த்துண்டுதான் பெருசு. வெள்ளைச்சாமி பயந்தாங்கொள்ளியில்ல, "முதல்ல மேல்துண்டுல மட்டும் வெதைச்சுப் பாப்போம். மொத்த விதையையும் கொண்டுபோயி மண்ணுல போட்டுட்டா அப்புறம் ஒண்ணும் மிஞ்சாது" ன்னாரு.

சரின்னு சீனித்தாய் அடுப்பைப் பத்தவச்சா. வீட்டுல அரிசியே கெடையாது, பொங்கலுக்குன்னு துணியில முடிஞ்சு வச்சிருந்தது மட்டுந்தான். அதுல ஒரு பிடி போட்டு கஞ்சி காய்ச்சினா. விருந்தாளிக்குன்னா சும்மாவா! தளதள தளதளன்னு கொதிக்குது. ஆறின கஞ்சியை ஒரு விருந்தாளிக்கு ஊத்துறதா? அவ வீட்டுல அப்படி ஒரு பழக்கமே இல்லையே! கொதிக்கக் கொதிக்க எறக்கி, முதல் சட்டிப் பொடியை அதுல கொட்டி, "சாப்பிடுங்கய்யா, சாப்பிடுங்கம்மா, கூச்சப்படாதீங்க" ன்னு சொல்லிச் சொல்லிக் கிண்டினா. அப்புறம் விதையில பூசினா. வெதைச்சாங்க.

நாளு போச்சு. கம்பு மொளைச்சுச்சு. சீனித்தாய் தெனமும் ஓடி ஓடிப் பாக்குறா. எப்பவும் போலத்தான். அதே மஞ்சளு, அதே சோகை. ஒரு செடியைப் பிடுங்கிப் பாத்தா, வேரு நாலு முடி மாதிரி தொங்குது.

"விருந்தாளிங்க தங்கலையோ?" ன்னாரு வெள்ளைச்சாமி.

"என் கையால சாப்பிட்டவங்க எவங்க தங்காமப் போனாங்க?" ன்னு சீனித்தாய்க்குக் கோவம் வந்துருச்சு. கோவத்துலயே வீட்டுக்கு வந்தா. கோவத்துலயே எருமைப் பாலைக் காய்ச்சினா. பொங்கி வந்த பாலை எறக்கின சூட்டோட, யோசனையே இல்லாம, உறைமோரை எடுத்து அதுல ஊத்திட்டுப் போய்ப் படுத்துட்டா.

காலையில பானையைத் திறந்து பாக்குறா. தயிரு எங்க? பாலு திரிஞ்சு, சளசளன்னு தண்ணியா கெடக்குது!

சீனித்தாய் நெத்தியில படார்னு அடிச்சுக்கிட்டா. கொதிக்கிற பாலுல உறை ஊத்தினா தயிரு எப்படி உறையும்? உறையில இருக்கிற உசுரு வெந்து போயிராது? இது கூடத் தெரியாதா எனக்கு? அப்படின்னு தன்னைத்தானே திட்டிக்கிட்டிருந்தவ, அப்படியே வாயைப் பொத்திக்கிட்டா.

"ஐயோ... அவங்களையும் அப்படித்தானே..."

கோடி விருந்தாளி. தேடி வந்தவங்க. கொதிக்கக் கொதிக்க ஊத்தி, கூச்சப்படாதீங்கன்னு வேற சொல்லி... அவளுக்கு அழுகை பொத்துக்கிட்டு வந்துருச்சு. வெள்ளைச்சாமி ஓடி வந்து, "என்னாச்சு, தயிருக்கா அழுற?" ன்னாரு. "கோடிப் பேரைக் கொன்னுட்டேங்க" ன்னா. அவரு வெலவெலத்துப்போயி வாசக்கதவைச் சாத்திட்டாரு.

"ம். அப்புறம்?"

அப்புறம் ரெண்டாவது மழை வந்துச்சு. சோ...ன்னு வந்துச்சு. இந்தத் தடவை சீனித்தாய் கஞ்சியைக் காய்ச்சி, ஆற வச்சா. ஆறிருச்சான்னு பாத்தா. விரலை விட்டுப் பாத்தா. அப்புறம் முழங்கையை விட்டுப் பாத்தா, கைக்கொழந்தைக்கு வெந்நி பாக்குற மாதிரி. ஜில்லுனு ஆனதுக்கு அப்புறந்தான் ரெண்டாவது சட்டிப் பொடியைக் கொழைச்சா. "மன்னிச்சிருங்க, உங்க ஆளுங்களை நான் தெரியாம வேக வச்சுட்டேன்" னு சொல்லிக்கிட்டே விதையில பூசினா. ஒவ்வொரு விதையும் கருப்பு மை வச்ச மாதிரி ஆயிருச்சு.

ஆனா ஈர விதையை அப்படியே எப்படி வெதைக்கிறது? கையில ஒட்டுதே. காய வைக்கணும். அந்த ஊர்ல எதைக் காய வைக்கணும்னாலும் ஊருக்கு வடக்க இருக்கிற பாறைதான். மொளகாயும் அங்கதான், தானியமும் அங்கதான், தொவைச்ச துணியும் அங்கதான். விதைன்னா அள்ளினா கலகலன்னு சத்தம் வரணும், அது வரைக்கும் வெயிலு வேணும்னு அந்த ஊருல பச்சைப்புள்ளைகூடச் சொல்லும். இவளும் கொண்டுபோயி பாறையில பரப்பினா. வெயிலு சுள்ளுனு அடிக்குது. காஞ்சதும் அள்ளிப் பாத்தா. கலகல, கலகல! சந்தோசமா நடுத்துண்டுல வெதைச்சாங்க.

மொளைச்சுச்சு. என்ன ஆச்சுங்கிற?

"மஞ்சளா?"

மஞ்சளேதான்! என் தங்கம் எப்படிக் கண்டுபிடிச்சுது பாரு. அதே மஞ்சளு, அதே நாலு முடி வேரு.

இப்ப வெள்ளைச்சாமி பரணுல இருந்து பெரிய பூட்டு ஒண்ணைத் தேடி எடுத்து, தேங்காய் எண்ணெய் விட்டுத் தொடச்சுக்கிட்டிருந்தாரு. சீனித்தாய் அதைப் பாத்தா. பாக்காத மாதிரி வத்தலுக்குக் கூழ் காய்ச்சினா. ஏன்னா கையும் காலும் சும்மா இருந்தா அவளுக்கு மனசு ஒடைஞ்சுரும்.

கூழைத் தூக்கிக்கிட்டுப் பாறைக்குப் போனா. அன்னிக்குப் பாத்து செருப்பைப் போடாம, வெறுங்காலோட போயிட்டா. உச்சி வெயிலு. பாறையில காலை வச்சாளோ இல்லையோ, "ச்சூ! ச்சூ! ஆத்தா!" ஒரு காலைத் தூக்கினா இன்னொரு காலு சுடுது, அதைத் தூக்கினா இது சுடுது. தங்குபுங்குன்னு குதிச்சு, கூழ் பூராவும் சேலையில கொட்டிக்கிட்டு, எறங்கி ஓடி வந்து வேப்பமர நெழலுல உக்காந்தா. காலைப் பிடிச்சுக்கிட்டு உஃப் உஃப்னு ஊதினா.

ஊதிக்கிட்டே யோசிச்சா. வத்தலை எதுக்கு இந்தப் பாறையில காயப் போடுறோம்? பூஞ்சை பிடிக்கக் கூடாது, புழு வைக்கக் கூடாது, வருஷம் பூரா கெடாம இருக்கணும். அதாவது... அதுல எந்த உசுரும் மிச்சம் இருக்கக் கூடாதுன்னுதானே?

ஊதுறதை நிறுத்திட்டா.

அவ்வளவுதான், புரிஞ்சுபோச்சு. ஆனா இந்தத் தடவை நெத்தியில அடிச்சுக்கல. அழுகவும் இல்ல. ரொம்ப நேரம் சும்மா உக்காந்திருந்தா. அவ ஆயுசுல அப்படி சும்மா உக்காந்ததே கெடையாது. தனக்குத்தானே மெதுவாச் சொல்லிக்கிட்டா: "ஏ சீனித்தாய், நீ நல்லவதான். ஆனா உனக்கு எது நல்லதுன்னு தோணுதோ அதையே எல்லாரு தலையிலயும் கொட்டுற. வந்தவங்களுக்கு என்ன வேணும்னு நீ கேட்டதே இல்லையே."

தூங்கிட்டியா?

"...ம். இல்ல."

இல்லைன்னு சொல்லும்போதே கண்ணு சொக்குது. சரி, கேளு. மூணாவது மழை. கடைசி மழை. மிச்சம் இருக்கிறது ஒரே ஒரு சட்டிப் பொடி. குலுக்கையை வழிச்சு எடுத்த கடைசி விதை. கீழ்த்துண்டு ஒண்ணுதான் பாக்கி. அது வந்தா வீடு, வரலேன்னா சூளை.

சீனித்தாய் விடிஞ்சதும் கஞ்சி காய்ச்சினா. ஆற வச்சா. மூணாவது சட்டியைத் திறந்து, குனிஞ்சு, முதல் தடவையா அதுங்ககிட்டக் கேட்டா: "உங்களுக்கு என்ன வேணும்?"

பதிலு வருமா? வராது. ஆனா கேட்டுட்டுக் கொஞ்ச நேரம் பேசாம இருந்தா பாரு, அப்பத்தான் அவளுக்கு எல்லாம் தோணுச்சு. இதுங்க மண்ணுக்குள்ள இருந்து வந்ததுங்க. மண்ணுக்குள்ள எப்படி இருக்கும்? குளுகுளுன்னு இருக்கும், இருட்டா இருக்கும், ஈரமா இருக்கும். சரி, அதையே குடுப்போம்னு முடிவு பண்ணினா. ஆறின கஞ்சியில கொழைச்சு விதையில பூசினா. வேப்பமரத்தடியில, நெழலு கொஞ்சங்கூட நகராத எடமாப் பாத்து, பழைய வேட்டியை விரிச்சு, விதையை மெத்துனு பரப்பினா. கையில ஒட்டாத பதம் வந்தாப் போதும்னு காத்துக்கிட்டிருந்தா.

அப்போ வெள்ளைச்சாமி வந்தாரு. அவரு கையில ஒரு டப்பா. அதுல ரோஸ் கலருல பொடி.

"என்னங்க அது?"

"விதை மருந்து. பூச்சி, பூஞ்சை எதுவும் கிட்ட வராது. கடைசி விதை, ஒரு மணி கூட வீணாகக் கூடாதுன்னுதான் வாங்கியாந்தேன். மேல தூவிட்டா பயமில்ல" ன்னு மூடியைத் திருகிட்டாரு.

சீனித்தாய் வேட்டி மேல ரெண்டு கையையும் விரிச்சு, கோழி குஞ்சை மூடுற மாதிரி குனிஞ்சுக்கிட்டா.

"ஏங்க, விருந்தாளி படுத்திருக்கிற பாயில மூட்டைப்பூச்சி மருந்து அடிப்பீங்களா?"

அவரு கையி அப்படியே நின்னுச்சு.

"கெட்டதைக் கொல்லுறதுதான் நல்லதையும் கொல்லும். அதுக்குக் கண்ணு தெரியுமா இது யாரு அது யாருன்னு?"

"சரி, எறும்பு அள்ளிட்டுப் போனா? போன வருஷம் பாதி விதையை எறும்புதானே கொண்டுபோச்சு. இந்தத் தடவை அதுவும் போச்சுன்னா நம்ம கதி என்ன?" ன்னாரு. பயந்தாங்கொள்ளின்னு நான் கிண்டல் பண்ணினேன்ல, அந்தப் பயம் பூராவும் குடும்பத்துக்காகத்தான் பாவம்.

சீனித்தாய்க்கும் பயமாத்தான் இருந்துச்சு. ஆனா அவ அந்த டப்பாவை மெதுவா வாங்கி, மூடியை இறுக்கித் திருகி, அவரு கையிலயே குடுத்துட்டுச் சொன்னா: "எறும்புக்கு என்ன வேணும்னு அதையும் கேட்டுப் பாப்போம்."

வீட்டுக்குள்ள போனா. உரல்ல ஒட்டியிருந்த கம்பு நொய்யி, சாக்கு ஓரத்துல சிக்கியிருந்த ஒடைஞ்ச தானியம், எல்லாத்தையும் கூட்டி அள்ளினா. கீழ்த்துண்டுல விதை போட்டு மண்ணை மூடின கையோட, வரப்பைச் சுத்தி அந்த நொய்யைத் தூவிக்கிட்டே நடந்தா. கொஞ்ச நேரத்துல எறும்பு வந்துச்சு பாரு! சாரைசாரையா, குடுகுடு குடுகுடுன்னு. நோகாமக் கெடைக்கிற நொய்யை விட்டுட்டு எந்த எறும்பு மண்ணைத் தோண்டிக்கிட்டிருக்கும்? வரப்புலயே பந்தியை முடிச்சுக்கிட்டு, ஆளுக்கு ஒரு நொய்யைத் தூக்கிக்கிட்டு வீட்டைப் பாத்துப் போயிருச்சுங்க. வெள்ளைச்சாமி வாயைப் பொளந்து பாத்துக்கிட்டு நின்னாரு. அப்புறம் அவரும் ஒரு கை நொய்யி அள்ளித் தூவினாரு.

"எறும்பு... சாப்பிட்டுச்சா?"

நல்லாச் சாப்பிட்டுச்சு. இப்ப மண்ணுக்குள்ள என்ன நடக்குதுன்னு சீனித்தாய்க்குத் தெரியாது. நமக்குத் தெரியும், வா, மெதுவா எட்டிப் பாப்போம். மண்ணுக்குள்ள இருட்டு. குளுகுளுன்னு ஈரம். ஒரு விதை மெதுவா வெடிக்குது, டிப். வெள்ளையா ஒரு குட்டி வேரு எட்டிப் பாக்குது. அந்த வேரு நுனியில இனிப்பா ஒரு சாறு கசியுது.

கருப்புப் பொடிக்குள்ள தூங்கிக்கிட்டிருந்ததுங்க எல்லாம் முழிச்சுக்கிச்சுங்க. கிசுகிசு கிசுகிசு.

"ஏ, இனிப்பு வாசம் வருது!"

"வேரக்கா, வேரக்கா, எங்களுக்குக் கொஞ்சம் தருவியா?"

"தர்றேன், எனக்கு என்ன தருவீங்க?" ன்னு வேரு கேட்டுச்சு.

"உனக்கு என்ன வேணும்?"

"பசிக்குது. இந்தக் கல்லுமண்ணுல ஒண்ணுமே இல்ல."

"கவலைப்படாத. மண்ணுல இல்லேன்னா காத்துல இருக்கு. நாங்க பிடிச்சுத் தர்றோம்."

அப்புறம் என்ன! கோடிப் பேரும் வேலையில எறங்கிட்டாங்க. மண்ணுக்குள்ள நுழையிற காத்துல இருந்து சத்தைப் பிடிச்சு, வேருக்கு ஊட்டு ஊட்டுன்னு ஊட்டுறாங்க. வேரு ஒண்ணு பத்தாச்சு, பத்து நூறாச்சு, கல்லுக்கு எடையில, கல்லுக்கு அடியில, பொசுபொசுன்னு எறங்குது.

மேல சீனித்தாய் தெனமும் வந்து பாக்குறா. தொடவே பயம் அவளுக்கு. ஒருநாளு காலையில பாக்குறா, பச்சை. அடுத்த தடவை பாக்குறா, கரும்பச்சை! மேல்துண்டும் நடுத்துண்டும் மஞ்சளா நிக்க, கீழ்த்துண்டு மட்டும் மழையில நனைஞ்ச கிளி மாதிரி நிக்குது. ஒரே ஒரு செடியைப் பிடுங்கினா. வரமாட்டேங்குது! ரெண்டு கையால பிடிச்சு இழுத்தா, பொதக்குனு மண்ணோட வந்துச்சு. வேரு நாலு முடி இல்ல, சடை! கொத்தா, மண்ணை அள்ளிக் கட்டிப் பிடிச்ச மாதிரி வேரு.

"ஏங்க! ஓடி வாங்க! தங்கிட்டாங்க! விருந்தாளிங்க தங்கிட்டாங்க!" ன்னு கத்தினா பாரு, நாலு காட்டுக்கு அங்கிட்டு வேலை பாத்தவங்க எல்லாம் என்னவோ ஏதோன்னு ஓடி வந்தாங்க.

கம்பு முழங்காலைத் தாண்டுச்சு. இடுப்புக்கு வந்துச்சு. நெஞ்சுக்கு வந்துச்சு. அப்புறம் ஒருநாளு வெள்ளைச்சாமி களை பாக்க உள்ள போனவரைக் காணோம்.

"ஏங்க, எங்க இருக்கீங்க?"

"இங்கதான் இருக்கேன்!"

"எங்க?"

"எனக்கே தெரியலையே!"

சீனித்தாய்க்குச் சிரிப்பு தாங்கல. அவரு சலசலன்னு இந்தப் பக்கம் போறாரு, அந்தப் பக்கம் போறாரு, தலை தெரியல. கதிரு ஒவ்வொண்ணும் ஒரு சாண் நீளம். கடைசியில அவரு வேர்த்து விறுவிறுத்து வெளிய வந்தாரு. தலை பூராவும் கம்புப் பூ. சீனித்தாயைப் பாத்தாரு, அவளும் பாத்தா, ரெண்டு பேரும் அப்படிச் சிரிச்சாங்க. சிரிச்சு முடிச்சுட்டு அவரு, "அந்தப் பூட்டைக் கோயிலு உண்டியலுக்குக் குடுத்துருவோமா?" ன்னாரு.

"ம்..."

நல்ல அறுப்பு. கதிரை அறுத்துக் களத்துல போட்டு அடிச்சாங்க, படீர் படீர்னு. தூத்தினாங்க, குலுக்கையில கொட்டினாங்க. சொர்ர்ர்ர்னு கொட்டிக்கிட்டே இருக்கு, கழுத்து வரைக்கும் வந்துருச்சு. சீனித்தாய் ஊரையே சாப்பிடக் கூப்பிட்டா. ஜீப்பு அம்மாவுக்கும் சொல்லி அனுப்பினா. அவங்க வந்து எறங்கினதும் இவ மூச்சு விடாம நடந்ததை எல்லாம் சொல்லி முடிச்சா. அந்தம்மா இடுப்புல கையை வச்சுக்கிட்டு, "ஏம்மா, ஆறின கஞ்சி, நெழலு, மருந்து கலக்கக் கூடாது, இந்த மூணையுந்தான் அன்னிக்கு நான் சொல்ல வந்தேன். நீ எங்க நின்ன?" ன்னாங்க.

ஊரே சிரிச்சுச்சு. சீனித்தாய் வெக்கப்பட்டுக்கிட்டு, "இப்பச் சொல்லுங்கம்மா, உங்களுக்கு எவ்வளவு சோறு வேணும்?" னு கேட்டா. "ஒரே ஒரு உருண்டை" ன்னாங்க. ஒரே ஒரு உருண்டைதான் வச்சா! அவளுக்கு அது எவ்வளவு கஷ்டமா இருந்திருக்கும்னு நெனைச்சுப் பாரு. தபால்காரருகிட்டயும் கேட்டா. அவரு பாவம், இந்தத் தடவை கேட்டு வாங்கி மூணு உருண்டை தின்னாரு.

இப்படி ஒவ்வொருத்தரையா கேட்டுக் கேட்டுப் போட்டா. எல்லாரும் தின்னு முடிச்சாங்க. அப்போ வெள்ளைச்சாமி அவ கையைப் பிடிச்சு, எல்லாரும் உக்காந்திருந்த எடத்துல கொண்டுபோயி உக்கார வச்சாரு. முன்னாடி ஒரு தட்டை வச்சாரு.

"ஏ சீனி, உனக்கு என்ன வேணும்?"

அவகிட்ட அதை யாரு எப்பக் கேட்டாங்க? கண்ணாலம் ஆன நாள்ல இருந்து எல்லாரும் தின்னதுக்கு அப்புறம் பானையைச் சுரண்டி, அடியில ஒட்டினதைத் தின்னே அவளுக்குப் பழக்கம். இன்னிக்கும் இதோ, பானை காலியாத்தான் இருக்கு. ரொம்ப நேரம் யோசிச்சா. ஊரே அவ வாயைப் பாத்துக்கிட்டிருக்கு. அப்புறம் சின்னப்புள்ள மாதிரி மெதுவாக் கேட்டா:

"எனக்கு... பானையோட மேல்சோறு வேணும். அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது."

ஜீப்பு அம்மா கண்ணைத் தொடச்சுக்கிட்டாங்க. வெள்ளைச்சாமி நேரா அடுப்படிக்குள்ள போனாரு. புதுப் பானையைக் கழுவி உலை வச்சாரு. சீனித்தாய் எந்திரிக்கப் பாத்தா, ஊர்ப் பொம்பளைங்க தோளைப் பிடிச்சு உக்கார வச்சுட்டாங்க. அவ உக்காந்த எடத்துலயே இருந்து, "உப்பைக் கொறைச்சுப் போடுங்க, அடியைக் கிண்டுங்க, ஒரு கொதி வந்ததும் தீயைத் தணிங்க" ன்னு சத்தம் போட்டுச் சொல்லிக்கிட்டே இருந்தா. அவரு அப்படியே பண்ணினாரு. வெந்துச்சு. மூடியைத் திறந்தாரு. மேல இருந்த பூப்போல சோத்தை அப்படியே அள்ளி அவ தட்டுல வச்சாரு.

சீனித்தாய் ஒரு வாய் எடுத்து வச்சா. கண்ணை மூடிக்கிட்டு மென்னா.

"எப்படி இருக்கு?" ன்னாரு வெள்ளைச்சாமி.

"அடேயப்பா!" ன்னா சீனித்தாய். "இம்புட்டு ருசியையா நான் இத்தனை வருஷமா எல்லாருக்கும் குடுத்துக்கிட்டிருந்தேன்!"

சொல்லிட்டு தட்டை நீட்டினா, இன்னும் ரெண்டு உருண்டை வைங்கன்னு.

அவ சாப்பிட்டாச்சு. ஊரு படுத்தாச்சு. மண்ணுக்குள்ள இருக்கிறதுங்களும் கண்ணசந்தாச்சு.

"ம்" சத்தத்தைக் காணோமே? ஏய்... குட்டி?

சரி, தூங்கு ராசாத்தி. கதை அம்புட்டுத்தான்.